இரண்டு மைக்குகளுக்கு நடுவே என் அப்பா

இங்கே பிரசங்கம் பதினோரு நிமிடம்தான். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என் கடிகாரம் நின்றுபோய்விட்டது என்று நினைத்துக் காதருகே வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த வாரம் பன்னிரண்டு நிமிடம், அதற்கடுத்த வாரம் பத்தரை. கனடாவில் மானிட்டோபா மாகாணத்தில், நாலாபுறமும் கோதுமையும் கனோலா என்ற எண்ணெய்வித்தும் விளைகிற இந்தச் சிற்றூருக்கு நான் வந்து மூன்று ஆண்டு ஏழு மாதம் ஆகிறது. இந்த ஊர்ப் போதகர் பதினைந்து நிமிடத்தைத் தாண்டியது ஒரே ஒருமுறை. அன்றைக்குப் பாஸ்டர் கேரன் அம்மையார் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் கோயிலில் (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்) "கடைசியாக ஒரு வார்த்தை" என்று போதகர் சொன்ன பிறகுதான் தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் ஒழுங்காகப் படுக்க வைப்பார்கள். அந்தக் கடைசி வார்த்தை ஒருமுறை நாற்பத்து மூன்று நிமிடம் நீண்டதற்கு என்னிடம் குறிப்பு இருக்கிறது.

எண்ணுவது என் தொழில். புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நெல் விளைந்து நிற்கும் வயலுக்குள் இறங்கி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு, அந்த வட்டாரத்துக்கே விளைச்சல் சொல்லும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. இந்த ஊர்த் தேவாலயத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். வருகிறவர்கள் சராசரி முப்பத்தொன்று. அதில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருபத்திரண்டு. என் மகள் கிரேஸ் இங்கே முதியோர் இல்லத்தில் நர்சாக இருக்கிறாள். என் மனைவி இறந்ததும், தனியாக இருக்க வேண்டாம் என்று என்னை அழைத்துக்கொண்டாள். அவள் பார்த்துக்கொள்கிற முதியவர்களில் பாதிப்பேரை ஞாயிற்றுக்கிழமை நானும் பார்த்துவிடுகிறேன்.

போன ஐப்பசியில் என் தம்பி ஆசீர் பத்து நாள் இங்கே வந்து தங்கினான். ஆசீர் போதகன். என்னைவிட எட்டு வயது இளையவன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாகப்பட்டினம், தஞ்சாவூர் என்று சுற்றிச் சுற்றிப் பிரசங்கம் செய்கிறவன். அவன் பேசிக் கேட்பது எனக்குப் பெருமை. எத்தனையோ இடங்களில் கேட்டிருக்கிறேன். கேட்டபோதெல்லாம் எண்ணியிருக்கிறேன். எங்கள் தெருவில், பரம்பரையாக அடுத்தவர் வயலில் நட்டு அறுத்த எங்கள் சனங்களுக்கு முன்னால் நின்றால், "தலைய நிமுத்து" என்று ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது முறை சொல்வான். பாவம் என்ற சொல் இரண்டே முறை. அதே ஆசீர் தஞ்சாவூரில் கல்யாண மண்டபத்தில், பட்டுப்புடவையும் விபூதியுமாக வந்து உட்காரும் கலப்புக் கூட்டத்துக்குப் பேசினால், குரலே இறங்கிவிடும். அங்கே மன அமைதி இருபத்தேழு முறை; பாவம் ஒருமுறைகூட இல்லை. கடற்கரைக்குப் போனால் அவனுடைய இயேசு புயலை அதட்டியவர். பள்ளிக்கூடத்துக்குப் போனால் பன்னிரண்டு வயதில் பெரியவர்களிடம் கேள்வி கேட்டவர்.

இதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. நானே அப்படித்தான் பேசியிருக்கிறேன். மோட்டார் வைத்திருக்கிற மிராசுதாரிடம் குறுவையைப் பற்றிப் பேசும் பேச்சை, ஆற்றுத் தண்ணீர் வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்று கிடக்கிற கடைமடைக்காரரிடம் பேச முடியுமா? வாயில் அடிப்பார். ஆளைப் பார்த்துப் பேசுவது கேட்கிறவருக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அவன் வந்த பிறகு முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் தமிழர்கள் பதினான்கு பேர் கூடினார்கள். பாதிப்பேர் கிறிஸ்தவர்கள்கூட இல்லை, இட்லிக்கு வந்தவர்கள். ஆசீர் உடனே அவர்களுக்கு ஏற்ற ஆளாகிவிட்டான். அந்நிய தேசத்தில் நாடோடியாக அலைந்த முற்பிதாக்களின் கதையைச் சொல்லி, "உங்களுக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு" என்றான். நிரந்தர வசிப்புரிமை அட்டையைக் கையால் சட்டைப்பையில் வைப்பதுபோலச் சாடை காட்டினான். திருவையாற்றிலிருந்து வந்திருக்கிற கதிரேசன் என்ற கம்ப்யூட்டர்க்காரப் பையன் கையைத் தூக்கினான்.

"பாஸ்டர், என் ஒர்க் பர்மிட்டுக்கும் சேத்து ஒரு ஜெபம் போட்டுருங்க. எங்க ஐயாறப்பரு இந்த ஸ்நோவுல வர மாட்டேங்குறாரு."

"உங்க சாமியையும் கோவிச்சுக்காதீங்க தம்பி. அவருக்கு இன்னும் விசா வரலியோ என்னவோ" என்றான் ஆசீர். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். நாலு சட்னிக்கு ஒரு பிரசங்கம் என்று குறித்துவைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இங்கத்திய தேவாலயத்தில் அவன் பேச வேண்டும். கேரன் அம்மையார் ஒன்றரை மாதத்துக்கு முன்பே கேட்டிருந்தார். இருபத்தைந்து நிமிடம் தருவதாகச் சொன்னார். அது இந்த ஊருக்குத் திருவிழா. ஆசீருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் பிரசங்கம் தமிழில்தான் அவனுக்கு வரும். நான் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. வெளிநாட்டுப் பிரசங்கிமார்களுக்கு எங்கள் பக்கத்தில் நூற்றுப் பதினேழு கூட்டங்களில் மொழிபெயர்த்தவன் நான். நம் வழக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு மைக்குகள், ஒன்றரை அடி இடைவெளி. பிரசங்கி கையைத் தூக்கினால் மொழிபெயர்ப்பவனும் தூக்க வேண்டும். அவர் குரலை உயர்த்தினால் இவனும் உயர்த்த வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பனிபோல வெண்மை என்று ஒருவர் சொன்னபோது, பனிக்கட்டியைக் கண்ணால் பார்க்காத சனங்களுக்காக நான் தும்பைப்பூ என்று மாற்றினேன். அவ்வளவுதான் என் துணிச்சல். அதற்கே இரண்டு நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

அன்றைக்கு முதல் பனி விழுந்திருந்தது. அப்படியும் நாற்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். முதல் ஏழு நிமிடம் நன்றாகப் போயிற்று. இருள், வெளிச்சம், இருள், வெளிச்சம் என்று ஆசீர் ஏற்றிக்கொண்டே போனான். இந்த ஊருக்கு அவன் எடுத்துக்கொண்ட சொல் இருள் என்று கண்டுகொண்டேன். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"எங்கப்பா ஒரு பெரிய குடிகாரர்."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

"குடிச்சுட்டு வந்து எங்கம்மாவ அடிப்பாரு. நாங்க புள்ளைங்க மூலையில ஒண்டிக்கிட்டு நிப்போம்."

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. வினாடி முள் ஆறு இடம் நகர்ந்தது. நாற்பத்தாறு முகங்களும் என்னைப் பார்த்தன. அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. என் வாயிலிருந்துதான் வர வேண்டும். மூன்றாவது வரிசையில் கிரேஸ் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆசீர் என்னைப் பார்க்கவில்லை. மைக்கிலிருந்து முகத்தை விலக்கி, தரையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லுங்கண்ணே" என்றான்.

சொன்னேன். என் அப்பா குடிகாரர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் அம்மாவை அடிப்பார் என்று சொன்னேன். மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்போம் என்று சொன்னபோது, ஆசீரின் கையைப் போலவே என் கையும் தானாக மூலையைக் காட்டியது. இந்தப் பாழாய்ப்போன பழக்கம். அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. வாக்கியங்கள் இடறவே இல்லை. வழக்கமாக ஒரு நல்ல சொல்லைத் தேடி நாக்கு ஒரு கணம் தயங்கும். அன்று தயங்கவில்லை.

என் அப்பா காத்தான் என்ற யாக்கோபு. ஞானஸ்நானம் வாங்கியபோது கிடைத்த பெயர் யாக்கோபு. ஊர் கடைசிவரை காத்தான் என்றுதான் கூப்பிட்டது. பண்ணையாளாக இருந்து, கடைசிக் காலத்தில் குத்தகைக்கு முக்கால் ஏக்கர் பிடித்துப் பயிர் செய்தவர். கள் வாடை அவருக்கு ஆகாது. வாந்தி வந்துவிடும். கூட வேலை செய்தவர்கள் சாயங்காலம் கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்கும்போது, அவர் வாய்க்கால் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார். அதனால் நூற்றெழுபது தப்படி கூடுதல். சிறுவயதில் அவரோடு நடந்து நானே எண்ணியிருக்கிறேன். அம்மாவை அவர் அடித்ததில்லை. அம்மா அவரைத் திட்டியது உண்டு.

கூட்டம் முடிந்ததும் வாசலில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எண்பத்து நான்கு வயது மார்ஜ் அம்மையார் கண் கலங்கியிருந்தார். "உங்கள் அம்மா எவ்வளவு பட்டிருப்பார்கள்" என்றார்.

"இல்லை, என் அப்பா குடிக்க மாட்டார்" என்றேன்.

"மனந்திரும்பிய பிறகு குடித்திருக்க மாட்டார், நிச்சயமாக" என்றார் அவர். என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

வீட்டுக்குக் காரில் பதினெட்டு நிமிடம். சோறு போடும்போதுதான் கிரேஸ் வாயைத் திறந்தாள். என் அப்பா இறந்தபோது அவளுக்கு நான்கு வயது. அவர் தோளில் உட்கார்ந்து அறுப்பின் பண்டிகைக்கு நெற்கதிர் கொண்டுபோனது ஒன்றுதான் அவளுக்கு ஞாபகம்.

"சித்தப்பா, தாத்தா குடிப்பாங்களா?"

ஆசீர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "உங்கப்பாவக் கேளும்மா" என்றான்.

நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். "என்னடா என்னக் கேளு? மைக்கப் புடிச்சுச் சொன்னது நீ. கள்ளுக்கடப் பக்கமிருந்து காத்தடிச்சாலே மூக்கப் பொத்திக்கிற மனுசன்டா அவரு. வெள்ளக்காரன் அழுவணும்னா பெத்தவனக் குடிகாரனாக்குவியா? எங்கேருந்துடா வந்துச்சு உனக்கு அந்த வாய்?"

"அது என் வாய் இல்லண்ணே. உங்களுது."

"என்னா?"

"நான் சொன்னதுல ஒரு வார்த்த என்னுது கெடையாது. மூலையில ஒண்டிக்கிட்டு நின்னோம்ங்கிறது வரைக்கும் நீங்க சொன்னது. உங்களுக்கு நெசமாவே ஞாபகம் இல்லியா, இல்ல இல்லாத மாதிரி இருக்கீங்களா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் வந்தது. வயலில் தண்ணீர் வடிந்த பிறகு பழைய நண்டு வளைகள் தெரிவதுபோல ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

எனக்குப் பதினெட்டு வயது. நாகப்பட்டினத்தில் பி.யூ.சி. முடித்திருந்தேன். எங்கள் தெருவில் எண்பத்தாறு வீடு. அதில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன். வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மையார் கோயிலுக்கு வந்தார். அப்போது அது கூரைக்கோயில். எங்களில் முதலில் சேர்ந்தவர் என்பதால் அப்பாவைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள், அதாவது தான் சபையில் சேர்ந்த கதையை. என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அதுதான் என் முதல் மேடை. நூற்றுப் பதினேழு என்ற என் கணக்கில் அது சேரவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அப்பா நான்கு நிமிடம் பேசியிருப்பார். அவர் சொன்னது தண்ணீர்ச் சங்கதி. பண்ணை வீட்டில் எங்கள் ஆட்களுக்குத் தாகம் எடுத்தால் கையைக் குவித்துக்கொண்டு குனிந்து நிற்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் மற்ற சாதியார் யாரும் பச்சைத்தண்ணீர் தொட்டதில்லை. ஒருநாள் வெயிலில் சைக்கிள் மிதித்து, ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லிக்கொடுக்கிற ஓர் உபதேசியார் வந்தார். வேறு சாதிக்காரர். குடிசைக்குள் குனிந்து வந்து உட்கார்ந்து, "தண்ணி இருந்தா குடுங்கம்மா" என்று கேட்டார். அம்மா தயங்கித் தயங்கிக் குவளையை நீட்டினார். உபதேசியார் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்துக் குடித்தார். குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தாங்க" என்றார்.

அப்பா இதை எங்களிடம் சொல்லும்போது அந்த இடத்தில் நிறுத்துவார். "மொதோ தடவ குடிச்சது நம்ம மனசு நோவக் கூடாதுன்னு இருக்கலாம். ரெண்டாவது தடவயும் கேட்டாரு பாரு, அது தாகம்" என்பார். அதற்காகத்தான் சேர்ந்தேன் என்பார்.

இதை நான் அந்த அம்மையாரிடம் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் நாகப்பட்டினத்தில் ஒரு பெரிய நற்செய்திக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். மூன்று பேரும் பழைய குடிகாரர்கள். ஊரே அழுதது. சாட்சி என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு டம்ளர் தண்ணீரை வாங்கிக் குடித்தார் என்பதற்காக மதம் மாறினோம் என்று சொன்னால் அந்த அம்மையார் சிரிப்பார் என்று கூச்சமாக இருந்தது. கையைக் குவித்துக் குனிந்து நிற்போம் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல அதைவிடக் கூச்சமாக இருந்தது. ஆகவே அந்த மூன்று பேரின் கதையில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அப்பாவுக்குப் போட்டேன்.

அம்மையார் அழுதார். எழுந்து வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா முன்வரிசையில், இடுப்பில் ஒரு பிள்ளையோடு, அடிபட்டவளாக ஆக்கப்பட்டது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா சாகும்வரை அந்த நாளைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் தண்ணிச் சங்கதிய சொன்னேன், அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. கடல் தாண்டி வந்தவளுக்கே புரிஞ்சிருக்கு, இங்க பக்கத்துத் தெருக்காரனுக்குப் புரியல" என்பார். எத்தனை முறை சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எண்ணவில்லை.

ஆசீர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவனுக்கு இருபத்தொரு வயதில், வேதாகமப் பள்ளி நூலகத்தில், அந்த அம்மையாருடைய மிஷன் பத்திரிகையின் பழைய பிரதி கையில் கிடைத்ததாம். அப்பாவின் பெயர், ஊர், குடி, அடி எல்லாம் அச்சில் இருந்தது. கீழே, 'இதை மொழிபெயர்த்தவர் அவருடைய மூத்த மகன்' என்றும் இருந்ததாம்.

"படிச்சுட்டு ரெண்டு நாள் சாப்புடலண்ணே. ஊருக்கு வந்து உங்கள நாலு வார்த்த கேக்கணும்னுதான் பஸ் ஏறுனேன். வந்து பாத்தா அப்பா வாசல்ல ஒக்காந்து யாருகிட்டயோ அந்தம்மா அழுத கதையச் சொல்லிக்கிட்டு இருக்காரு. நான் என்னத்தக் கேக்குறது?"

"அதுக்கு நீயும் அதையே சொல்லணுமா?"

"மொத தடவ வெளிநாடு போனப்ப அந்த மிஷன்காரங்களே எங்கிட்ட கேட்டாங்க. 'குடியிலேருந்து மீண்ட யாக்கோபு மகன் நீதானே'ன்னு. இல்லன்னு சொன்னா, மொழிபெயர்த்தவன் பொய் சொன்னான்னு ஆவும். அது எங்கண்ணன். அப்பறம் அதுவே நெலச்சுப்போச்சு. ஆனா ஒண்ணு. நம்ம நாட்டு மண்ணுல நின்னு ஒருநாள்கூட நான் அதச் சொன்னதில்ல. அங்கயும் அத மட்டும் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்லதான் சொல்வேன், தமிழ் தெரிஞ்சவங்க முன்னாடி சொன்னதே இல்ல. இன்னக்கித்தான். நீங்க பக்கத்துல நிக்கிறீங்க, சொல்லட்டுமா வேணாமான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஒருவேள நீங்களே நிறுத்துவீங்கன்னு நெனச்சேன்."

நான் ஆறு வினாடிதான் நிறுத்தினேன்.

கிரேஸ் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "தாத்தா ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல. நீங்க அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு அவருக்கு ஊத்தி விட்டிருக்கீங்க. அம்பத்தாறு வருசமா" என்றாள். அந்தக் கணக்கை அவள் எப்போது போட்டாள் என்று தெரியவில்லை. சரியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை மாலை தேவாலயத்தின் அடித்தளத்தில் சூப்பும் ரொட்டியும் கொடுத்து ஒரு சிறு கூட்டம் வைத்திருந்தார்கள். பதினேழு பேர். அதிலும் ஆசீர் பேச வேண்டும். படியில் இறங்கும்போது, "தண்ணியச் சொல்லுடா" என்றேன்.

"அழ மாட்டாங்கண்ணே."

"அழ வேணாம். கேட்டா போதும்."

ஆசீர் சொன்னான். அப்பா சொன்ன அதே அடுக்கில், அதே இடத்தில் நிறுத்திச் சொன்னான். நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. குவித்த கையைக் காட்டினேன். குனிந்து காட்டினேன். இன்னும் கொஞ்சம் தாங்க என்பதை எனக்குத் தெரிந்த மிக எளிய ஆங்கிலத்தில் வைத்தேன். முடித்ததும் பதினேழு பேரும் மரியாதையாக, மீதிக் கதைக்காகக் காத்திருந்தார்கள்.

வால்டர் என்ற முதிய கோதுமை விவசாயி கையை உயர்த்தினார். "அந்தத் தண்ணீர் சுத்தமானதா?"

"சுத்தமானதுதான். எல்லோரும் குடிக்கும் அதே தண்ணீர்."

"பிறகு ஏன் மற்றவர்கள் குடிக்கவில்லை?"

"நாங்கள் தொட்டதால்."

"தொற்று பயமா?"

சாதி என்ற சொல்லைச் சொன்னேன். எல்லோரும் தலையசைத்தார்கள். புத்தகத்தில் படித்திருப்பார்கள்போல. கேரன் அம்மையார் மட்டும், இந்த நாட்டிலும் பூர்வகுடியினர் ஊர்கள் சிலவற்றில் இன்றுவரை குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார். அது வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். எவ்வளவு வேறு என்று எனக்கே நிச்சயமில்லாமல் நிறுத்திக்கொண்டேன். "அவர் இரண்டாவது முறையும் கேட்டார்" என்று மறுபடி சொன்னேன். மார்ஜ் அம்மையார் கனிவோடு என்னைப் பார்த்தார். "அங்கே வெயில் கடுமையாக இருந்திருக்கும்" என்றார்.

ஆசீர் சூப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஆளுக்கு ஏத்த மாதிரி ஏன் பேசுறோம்னு இப்பத் தெரியுதாண்ணே?" என்றான். குத்தலாகச் சொன்னானா, ஆறுதலாகச் சொன்னானா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை அவன் விமானம் ஏறிவிட்டான்.

அடுத்த ஞாயிறு தேவாலயக் கூடத்தில் காப்பி வைக்கும் மேசைக்கு மேலே, அறிவிப்புப் பலகையில் என் அப்பா இருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ஆசீர் தன் போனிலிருந்து கொடுத்துவிட்டுப் போன படம். அதன் கீழே அழகாகத் தட்டச்சு செய்த ஓர் அட்டை. அதன் சாரம் இதுதான்: 'யாக்கோபு, இந்தியா. குடிப்பழக்கத்திலிருந்தும் வன்முறையிலிருந்தும் மீட்கப்பட்டவர். அவருடைய கிராமத்துக்குச் சுத்தமான குடிநீர் கிடைக்க ஜெபிப்போம்.'

இரண்டு கதையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அப்பா இப்போது குடிகாரர் மட்டுமல்ல, அழுக்குத் தண்ணீர்க்காரரும்கூட. எங்கள் வீட்டுத் தண்ணீர் அசுத்தம் என்று பண்ணை வீடு சொன்னதை, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாத இந்த மனிதர்கள் அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். நான்தான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

கேரன் அம்மையாரைத் தனியே அழைத்து, அட்டையில் இருப்பது தவறு என்றேன்.

"எந்தப் பகுதி?" பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எல்லாமே. அவர் குடிக்கவே இல்லை. பதினெட்டு வயதில் நான் சொன்ன பொய் அது."

அவர் பேனாவை மூடினார். என் தோளில் கை வைத்தார். "குடும்பத்தில் நடந்ததை ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். என் தந்தையும் குடித்தார். நானும் முப்பது வயது வரை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது. என் கையில் ஒரு மடிப்புத் தாளைக் கொடுத்தார். குடிகாரர்களின் பிள்ளைகளுக்கான ஆறுதல் குழு. வியாழக்கிழமை, இதே கட்டடம், பின்வாசல். தன் சொந்தத் துயரத்தை எடுத்து என்னிடம் நீட்டிய அந்தப் பெண்ணிடம் அதற்கு மேல் எப்படி வாதாடுவது? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினேன். எட்டு முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் நாலு வரி நின்றது. அடுத்த வாரம் முதல் ஆளாகப் போய், அப்பாவின் படத்துக்குக் கீழே, அவர்களுடைய அட்டைக்குப் பக்கத்தில், நீல நிறக் குண்டூசியால் குத்தினேன். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவின் எண்பத்தாறு வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் இந்தக் கூடத்துக்கு வரப்போவதில்லை. இங்கே வருகிற முப்பத்தொரு பேரில் என்னையும் கிரேஸையும் தவிர ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. கிரேஸ் வாசித்தாள். சாய்ந்திருந்த தாளை நேராக்கிவிட்டுப் போனாள்.

காப்பிக் கோப்பையோடு வால்டர் வந்து நின்றார். எழுத்துகளின் வளைவுகளை விரலால் காற்றில் வரைந்து பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

ஆங்கில வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, தமிழிலேயே வாசித்தேன்.

"காத்தான் என்ற யாக்கோபு. கள் குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்து தண்ணீர் கேட்டார், கொடுத்தோம். இன்னும் கொஞ்சம் கேட்டார்."

வால்டர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும், "ஆமென்" என்றார்.